கோமதி மேடம் கேட்காத கையெழுத்து

ரிட்டயர்டு ஆன நர்சுக்கு வருகிற போன் இரண்டு வகைதான். சொந்தக்காரர் யாருக்காவது ஊசி போட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் பழைய ஆஸ்பத்திரியில் ஏதாவது குளறுபடியாகியிருக்கும். போன மாதம் வந்தது இரண்டாவது வகை.

பேசியவள் தமிழ்ச்செல்வி. என்னோடு பிரசவ வார்டில் வேலை பார்த்தவள், இப்போது அங்கே அவள்தான் மூத்த நர்ஸ்.

"அக்கா, புதுசா வந்த சீஃப் டாக்டரு, கலைக்க வர்ற பொண்ணுங்ககிட்ட மறுபடியும் புருஷன் கையெழுத்து வாங்கச் சொல்றாருக்கா. செவுத்துல எழுதியிருந்தத வெள்ளையடிக்கச் சொல்லிட்டாரு. நாங்க இன்னா பண்றது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுபது வயதுவரை அடக்கி வைத்த கோபமெல்லாம் இப்போதுதான் கேட்பாரில்லாமல் வெளியே வருகிறது. "நீ ஒண்ணும் பண்ணாத. செவ்வாக்கிழம நானே வரேன். எனக்கும் பிரஷர் மாத்திர தீந்துபோச்சி" என்றேன். மாத்திரை ஒன்றும் தீரவில்லை.

அன்று போய் என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தது, எழுத வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் அது கவர்மெண்டே எழுதிப்போட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் குத்தகை நிலம். நர்சிங் படித்தது, முதல் போஸ்டிங்கில் ரத்தத்தைப் பார்த்து அழுதது, பிறகு அழ நேரமில்லாமல் போனது எல்லாம் எல்லா நர்சுக்கும் பொதுவான கதை, விட்டுவிடுகிறேன். என் சர்வீஸில் பாதிக்கு மேல் கழிந்தது மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில். பெயர் வேண்டாம். கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து கரும்பு டிராக்டர்களும், கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்துப் பெண்களும், கீழே கரும்பு வெட்டப் போகிற பெண்களும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டம் டெல்லியில் போடுகிறார்கள், உத்தரவு சென்னையிலிருந்து வருகிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குச் சட்டம் என்பது சீஃப் நாற்காலியில் அந்த வருஷம் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான். அவருக்கு மாற்றல் வந்தால் அவளுடைய சட்டமும் மாறிவிடும்.

கருக்கலைப்பு விஷயத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சீஃப் பெரிய பக்திமான். "இந்த ஆஸ்பத்திரியில அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அவர் இருந்த காலம் முழுக்க, மெடிக்கல் ஷாப்பில் எதையோ வாங்கி விழுங்கிவிட்டு ரத்தம் நிற்காமல் வந்த பெண்களை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்து வந்தவருக்கு நல்ல கைராசி, ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. ஒரு நாள் எவனோ ஒருவன் குடித்துவிட்டு வந்து, என்னைக் கேட்காமல் என் பெண்டாட்டிக்கு எப்படிச் செய்தாய் என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். மறுநாளிலிருந்து புருஷன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் என்று சொல்லிவிட்டார். அதோடு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டால்தான் கலைப்பு என்று இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. அது, மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று மேலிடம் வைக்கிற டார்கெட்டுக்காக. அவர் போய்விட்டார். அவர் பயம் மட்டும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. நாளாக நாளாக நாங்கள் எல்லோரும் அதைச் சட்டம் என்றே நம்பினோம்.

மலைப் பெண்கள் புருஷனுக்கு எங்கே போவார்கள்? வருஷத்தில் பாதி நாள் ஆண்கள் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களில் மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தவர் எங்கள் கேட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த ஏழுமலை அண்ணன். அவர் கடையில் உட்கார்ந்து எந்தப் பெண் அழுதாலும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். புருஷன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கொதிக்கிற பாலைப் பார்க்கத் திரும்பி ஓடுவார். ஒரு பைசா வாங்கமாட்டார். அவர் சம்சாரத்துக்கும் தெரியும். "இந்த வாரம் எத்தினி பொண்டாட்டிய கட்டிக்கினு வந்த?" என்று கடை வாசலிலேயே கேட்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் கோமதி எங்களுக்குச் சீஃபாக வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். பிரசவ டாக்டர். குள்ளமான உருவம், பெரிய கண்ணாடி, பையில் எப்போதும் வறுத்த கடலை. எங்கள் ஊர்ப் பேச்சு முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. "வயித்துல நோவு கீது" என்று ஒரு பாட்டி சொன்னால், என் முகத்தைப் பார்ப்பார். நான் அவருக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஏழுமலை அண்ணன் மாட்டிக்கொண்டார். கலைப்பு முடிந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும், என்ன ஆனால் திரும்பி வரவேண்டும் என்று கூட வந்தவர்களுக்கும் சொல்வது மேடத்தின் வழக்கம். "இவங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றார். ஏழுமலை வந்தார், தலையாட்டினார், போனார். இரண்டு நாள் கழித்து வேறொரு பெண். "வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க." அதே பச்சைத் துண்டு வந்து நின்றது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு மொத்தம் எத்தனை சம்சாரம்?"

ஏழுமலை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒண்ணுதாம்மா. அதுக்கே முழி பிதுங்குது. நீங்க புருஷன கொண்டாடின்னு கேக்கறீங்க. இதுங்ககிட்ட இல்ல. எங்கிட்ட ஒரு கையெழுத்து சும்மா கெடந்துச்சி, போட்டன்."

மேடம் சிரித்துவிட்டார். நன்றாக, சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், "யார் கேட்கச் சொன்னது?" என்று என்னைப் பார்த்தார். சட்டம் மேடம் என்றேன். "எந்தச் சட்டம்? எனக்குக் காட்டுங்க" என்றார். கிளார்க்கைக் கூப்பிட்டார். அவர் பீரோவைத் திறந்து மூடினார். ஆளாளுக்கு மற்றவர் முகத்தைப் பார்த்தோமே தவிர, யாராலும் காட்ட முடியவில்லை. இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? பதினெட்டு வயது ஆன பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே போதும் என்று சட்டம் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் மேடம் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "அண்ணாச்சி மேல தப்பில்லை. இல்லாத சட்டத்துக்கு இல்லாத புருஷன். கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஏழுமலையைப் போலீசில் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். இந்த அம்மா அடுத்த நாளே அந்த வழக்கத்தை நிறுத்தினார். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் என்ற வழக்கத்தையும் சேர்த்து நிறுத்தினார். விரும்பிக் கேட்டால் செய்வோம், அதற்காக எதையும் நிறுத்தி வைக்கமாட்டோம் என்றார். மகளிர் ஓ.பி. பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுத வைத்தார். எங்கள் பெண்களில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டுவார்கள்? அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஓ.பி. தொடங்கும்போது, ஒரு நர்ஸ் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல வேண்டும் என்றார். கருக்கலைப்பைப் பற்றி இத்தனை பேர் முன்னால் சத்தமாகவா என்று நான் இழுத்தேன். "எல்லாருக்கும் சொன்னாத்தான் யாருக்குச் சொன்னோம்னு யாருக்கும் தெரியாது, வசந்தா" என்றார்.

சொல்ல வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்தார். பரீட்சைத் தமிழ். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சுக்குத் திருப்பிக்கொண்டேன். "வச்சிக்கணும்னு வந்தவங்க, வேணாம்னு வந்தவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. பதினெட்டு வயசு ஆயிடுச்சின்னா ஒன் சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து வேணாம், மாமியா கையெழுத்து வேணாம். ஆபரேசன் பண்ணிக்கினாதான்னு யாரும் சொல்லமாட்டாங்க. உள்ள சொல்றது வெளிய போவாது." முதல் நாள் தாளைப் பார்த்துத்தான் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எனக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடம் ஒரு பெண்ணிடம் பேசுகிற முறையைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு கண்ணால் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். இவர் வாசலுக்கு வந்து, "நீங்க மட்டும் உள்ள வாங்க" என்பார். கூட வந்தது யாராக இருந்தாலும் வெளியேதான். கதவைச் சாத்துவார். தன் நாற்காலியை இழுத்து மேஜைக்கு இந்தப் பக்கம், அவள் பக்கத்தில் போட்டுக்கொள்வார். எந்த பஸ்ஸில் வந்தீங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டு, பையிலிருந்து கடலையை நீட்டுவார். பிறகுதான், "என்ன நினைச்சுட்டு வந்திருக்கீங்க?" என்பார். ஏன் என்று கேட்கவே மாட்டார். எனக்கு அது விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டேன். "ஏன்னு கேட்டா, நமக்கு என்ன பதில் பிடிக்கும்னு அவ தேட ஆரம்பிச்சுடுவா" என்றார். அவள் சொன்னதைத் திருப்பி அவளுக்கே சொல்லி, சரிதானா என்று கேட்பார். கடைசி நிமிஷம்வரை மனதை மாற்றிக்கொள்ளலாம் என்பார். மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களையும் அதே முகத்தோடுதான் அனுப்பி வைப்பார்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. ஆபரேஷன் எண்ணிக்கை இறங்கியது. கள்ளக்குறிச்சியில் நடந்த மீட்டிங்குக்கு அவரோடு நானும் போயிருந்தேன். மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "உங்க ஆஸ்பத்திரியில ஏம்மா இவ்வளவு கம்மி?"

"கேட்டவங்க கம்மி சார்."

"கேக்க வைக்கணும்மா. அதுக்குத்தானே உங்களை அங்க போட்டிருக்கோம்?"

"நான் கேட்க வச்சா, அது அவங்க கேட்டது ஆகாதே சார்."

ஆஹா, என்ன தைரியம் என்று எனக்குப் புல்லரித்தது. வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும், தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "இதைத் திறந்து கொடுங்க வசந்தா" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த நிமிஷத்தில்தான்.

இனி சின்னப்பொண்ணு.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். புருஷன் கர்நாடகத்துத் தோட்டத்தில் மிளகு பறிக்க மரத்தில் ஏறியவன், ஏணி சாய்ந்து விழுந்து போய்விட்டான். உடல் வந்து, அடக்கம் முடிந்து, காரியம் முடிந்து, அவள் மலையை விட்டு இறங்குவதற்குள் நாள் போய்விட்டது. அவன் போகும்போதே அவள் வயிற்றில் இருந்தது. வேண்டாம் என்றாள். ஸ்கேனில் இருபது வாரத்தைத் தாண்டியிருந்தது.

அவளோடு வந்தவள் மாமியார் பச்சையம்மா. எலும்பும் தோலுமான உடம்பு, வெங்கலக் குரல். மருமகள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேடம் வழக்கம்போல, "நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று சின்னப்பொண்ணைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியதும், பச்சையம்மா கதவை அறைய ஆரம்பித்தாள்.

"அவள கேக்காதீங்க, என்ன கேளுங்க! எம்புள்ள திரும்பி வந்துக்கினு கீறான். அவன் உசுரு அவ வயித்துல கீது. அத அழிக்கச் சொல்றவ மனுஷியா?"

ஓ.பி.யே எழுந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். கதவை அறைந்துகொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து வந்த மேடம் சின்னப்பொண்ணு சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. "செய்யணும்" என்றார், அவ்வளவுதான். இருபது வாரம் தாண்டினால் கூடாது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பாடம். சட்டம் மாறிவிட்டது என்றார் மேடம். கர்ப்பமாக இருக்கும்போதே புருஷனை இழந்தவள், பலாத்காரத்துக்கு ஆளானவள், இப்படிச் சிலருக்கு இருபத்து நான்கு வாரம்வரை செய்யலாம். ஆனால் இரண்டு டாக்டர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவ டாக்டர் பிரபு. வயது குறைவு, படிப்பு நிறைய. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நமக்கு எதுக்கு வம்பு? பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணிடலாம்."

"மலையிலிருந்து இங்க இறங்கவே அவளுக்கு இத்தனை நாள் ஆயிருக்கு. அங்க போய் வரிசையில நின்னு, மறுபடி ஸ்கேன் எடுத்து, முடியறதுக்குள்ள வாரம் தாண்டிடும். ரத்தம் இருக்கு, மயக்க டாக்டர் வர்றார், நான் இருக்கேன். இங்க செய்யக் கூடியதுதான்."

அவர் சீஃப். ஒரு அதட்டல் போட்டிருந்தால் பிரபு கையெழுத்துப் போட்டிருப்பார். மேடம் அதட்டவில்லை. "நீங்களே போய் அவளைப் பாருங்க. நான் கூட இருக்க மாட்டேன். உங்களுக்கு முடியாதுன்னு தோணினா முடியாதுன்னே எழுதுங்க, நான் வேற டாக்டரைத் தேடிக்கிறேன். எனக்குப் பயந்து மட்டும் எழுதாதீங்க" என்றார்.

பிரபு உள்ளே போனார். துணைக்கு நான் நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா" என்று ஆரம்பித்தார். மேடம் கேட்காத கேள்வி. சின்னப்பொண்ணு இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினாள். மரவள்ளி பிடுங்கிக் காய்ப்பு ஏறிய கைகள்.

"எனக்கு ரெண்டு கைதான் சார் கீது. ரெண்டு புள்ளைங்கள புடிச்சிக்கினு கீறன். அவரு இருந்தா இன்னும் ரெண்டு கை இருந்திருக்கும்."

பிரபு வெளியே வந்து ஒத்துக்கொண்டு எழுதினார். அன்றைக்குப் பிறகு அவர் ரெஃபர் என்ற வார்த்தையை அத்தனை சீக்கிரம் எடுத்து நான் கேட்டதில்லை.

மேடம் பச்சையம்மாவை மறக்கவில்லை. நான் மறந்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் அவ்வளவு எரிச்சல். மேடம் போய் அந்த பெஞ்சில், அவளை ஒட்டி உட்கார்ந்தார். மகனைப் பற்றிக் கேட்டார். எப்படி இருப்பான், என்ன சாப்பிடுவான். பச்சையம்மா திட்டிக்கொண்டே சொன்னாள், பிறகு அழுதுகொண்டே சொன்னாள். தேன் எடுப்பதில் கெட்டிக்காரனாம். பாறையில் தொங்கிக்கொண்டு எடுப்பவன் போயும் போயும் ஒரு ஏணியிலிருந்தா விழுவான் என்று மேடத்தையே கேட்டாள். மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. ஓ.பி. காத்துக்கொண்டிருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

"நீங்க எத்தனை பெத்தீங்கம்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஏழு. நின்னது மூணு. அதுல ஒண்ணு இப்ப போச்சி."

"ஒவ்வொண்ணுக்கும், வேணுமா வேண்டாமான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?"

பச்சையம்மா மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்ன யாரு தாயி கேட்டா?" என்றாள். மேடம் பாடம் நடத்தவில்லை. அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அவள் சம்மதித்தாள் என்று நான் எழுதமாட்டேன். கதவை அறைவதை நிறுத்தினாள். சின்னப்பொண்ணுக்கு அன்று ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. எடுத்து வைத்திருந்த ரத்தம் ஏற்றினோம். முடியும்வரை மேடம் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பச்சையம்மா வார்டு வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற நர்சையெல்லாம், "மருமவ கண்ணு முழிச்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேரனைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. மறுநாள் காலையில் ஏழுமலை அண்ணன் கடை அடுப்பில் சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, மருமகளுக்கு ஊட்டினாள். இருவரும் வெள்ளிமலை பஸ்ஸில் ஒரே சீட்டில் போனதை நான் கேட்டில் நின்று பார்த்தேன்.

பிறகு மேடத்துக்கு மாற்றல் வந்தது. யாரும் பழிவாங்கவில்லை, பதவி உயர்வுதான், வேறு ஜில்லா. ஏழுமலை அண்ணன் மாலை வாங்கிக்கொண்டு வந்து, போடத் தெரியாமல் கையிலேயே கொடுத்தார். நானும் கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றேன். முப்பத்துச் சொச்ச வருஷத்தில் எத்தனையோ சீஃபைப் பார்த்துவிட்டேன். நல்ல டாக்டர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் தனக்குக் கிடைத்த அந்த நாற்காலியின் அதிகாரத்தை எடுத்து, எதிரில் இருக்கிற பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏழுமலை அண்ணன் கடையிலிருந்து குரல் கொடுத்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, துண்டு மட்டும் பச்சை.

"வா நர்சம்மா. இன்னா, எனக்கு மறுபடியும் முகூர்த்தம் வந்துடும்போல கீதே? இந்த வயசுல எவ எனக்கு பொண்டாட்டியா வருவா, சொல்லு."

சிரிக்க நினைத்தேன், வரவில்லை. உள்ளே அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. காலை அறிவிப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. புதிய சீஃப் ஓ.பி.யில் நின்றிருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. எங்கேயோ அடிபட்டு வந்திருக்கிறார், பயப்படுகிறார். அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும், பழகின ஆளைத் தெரிகிற மாதிரி.

வரிசையில் ஒரு இளம்பெண், இடுப்பில் நடக்காத குழந்தை. தமிழ்ச்செல்வி சன்னமான குரலில், "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்று கேட்டாள். சீஃப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் எதுக்கு?"

பின்னாலிருந்து வந்த வெங்கலக் குரல். திரும்பிப் பார்த்தேன். பச்சையம்மா. இன்னும் மெலிந்திருந்தாள். அந்தப் பெண் அவளுடைய இரண்டாவது மருமகள். இரண்டாவது மகனும் கர்நாடகத்துக்குப் போயிருக்கிறான்.

"அவன் எதுக்குன்றேன். பதினெட்டு வயசு ஆயிடுச்சின்னா அவ சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து வேணாம், மாமியா கையெழுத்து வேணாம். உள்ள சொல்றது வெளிய போவாது."

சின்னப்பொண்ணோடு வந்தபோது அந்த பெஞ்சில் கேட்ட என் வார்த்தைகள். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கிற இடத்தில் இழுத்துச் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள், மாமியாரே சொல்லுது பாரு என்று சிரித்தார்கள்.

சீஃப் அருகில் வந்தார். "யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"இந்த ஆஸ்பத்திரிதான் சொல்லிச்சி. இதே எடத்துல. நீ அப்ப இல்ல."

அவர் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். "சட்டம் அப்படியா இருக்கு?"

"ஆமாங்க சார். கோமதி மேடம் வாசிச்சிக் காட்டினாங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. அவர் வெள்ளைச் சுவரை ஒரு முறை பார்த்தார். "சரி, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நாளைக்கு மறுபடி கேட்பாரா, சுவரில் மறுபடி எழுதுவாரா, எனக்குத் தெரியாது.

தமிழ்ச்செல்வி அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "நீ மட்டும் உள்ள வாம்மா" என்றாள். பச்சையம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னப்பொண்ணு நன்றாக இருக்கிறாளாம், பெண்கள் இருவரும் ஹாஸ்டலில் படிக்கிறார்களாம்.

"இவ உள்ள இன்னா சொல்லப் போறா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்?" பச்சையம்மா குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "வச்சிக்கிறன்னு சொல்லுவாளோ, வேணாம்னு சொல்லுவாளோ. பஸ்ல வரப்போ நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. நான் கேக்கல நர்சம்மா."

கதவையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பேரக்குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி, அது திறக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.